வாயில் கரையும் மாத்திரையும் வற்றாத இருமலும்

மார்கழியில் மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களில் இக்காட்சியைக் காணலாம். ஆலாபனையின் நடுவே ஒருவருக்கு இருமல் எழும். பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு கை நீண்டு இருமல் மிட்டாய் ஒன்றைக் கொடுக்கும். சில நிமிடங்களில் அரங்கில் அமைதி திரும்பிவிடும்.

அம்மிட்டாய் செய்யும் பணி எளியது. சப்பும்போது உமிழ்நீர் பெருகி, வறண்ட தொண்டை நனைகிறது. இருமலைத் தூண்டும் நரம்பு முனைகள் சற்றே அடங்குகின்றன. விக்ஸ் போன்றவற்றிலுள்ள மென்தால், குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. மூக்கடைப்பு விலகியதுபோல் தோன்றும். அடைப்போ அப்படியேதான் இருக்கும். ஸ்ட்ரெப்சில்ஸில் உள்ள மென்மையான கிருமிநாசினிகள் தொண்டையைச் சிறிது மரத்துப்போகச் செய்து வலியைக் குறைக்கின்றன. தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருவது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் தானே தணியும். அதுவரை இம்மாத்திரைகள் நல்ல துணை. ஆன்டிபயாடிக் பெரும்பாலும் தேவைப்படாது.

நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் சித்தரத்தை, அதிமதுரம், வீட்டிலுள்ள மிளகு, பனங்கற்கண்டு ஆகியவற்றை வாயில் அடக்கிக்கொள்வதும் இதே வழியில்தான் இதம் தருகிறது. என் பாட்டியின் கைவைத்தியத்தை நான் குறை கூறமாட்டேன். ஆனால், அதிமதுரத்தை வாரக்கணக்கில் நாள்தோறும் உட்கொண்டால் இரத்த அழுத்தம் உயரலாம், பொட்டாசியம் குறையலாம். இரத்த அழுத்த நோயாளிகள் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளுக்கும் ஒரு சொல். சர்க்கரை சேர்த்த மாத்திரை ஒன்றில் இரண்டு முதல் மூன்று கிராம் வரை சர்க்கரை இருக்கக்கூடும். நாளொன்றுக்கு 8 மாத்திரைகள் என்றால் நான்கைந்து தேக்கரண்டி ஆகிவிடும். சர்க்கரையற்ற வகைகளும் கிடைக்கின்றன. சிறு குழந்தைகளுக்கு இவற்றைத் தரவே கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும்.

என்னைக் கவலைகொள்ளச் செய்வது வேறொன்று. இரண்டு மாதங்களாக வறட்டு இருமலுக்கு மாத்திரை சப்பியபடியே இருந்த ஓர் அம்மையார் என்னிடம் வந்தார். காரணம் தொண்டையில் இல்லை. இரத்த அழுத்தத்திற்கு அவர் உட்கொண்டுவந்த எனாலபிரில் மாத்திரையில் இருந்தது. எனாலபிரில், ராமிபிரில் வகை மருந்துகள் சிலருக்கு இவ்வாறு இருமலைத் தரும். வேறு மருந்துக்கு மாற்றிய சில வாரங்களில் இருமல் நின்றது. (மருத்துவரைக் கேளாமல் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.) இரைப்பை அமிலம் மேலேறுவதும், ஆஸ்துமாவும் இப்படித் தொண்டைக் கோளாறுபோல் வேடமிட்டு வருவதுண்டு.

காசநோயும் அவ்வாறே. இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனைகளில் அப்பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். மாத்திரையால் இருமலை அடக்கிக்கொண்டே போனால் நோய் உள்ளே வளரும். வீட்டிலுள்ள பேரக்குழந்தைக்கும் பரவும்.

பிள்ளைகளுக்கு இருமலோ சளியோ இன்றிக் காய்ச்சலும், தொண்டை வலியும், கழுத்தில் நெறிக்கட்டும் இருந்தால் அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் இருக்கலாம். கவனியாது விட்டால் வாதக் காய்ச்சல் தோன்றி இதய வால்வுகளைப் பாதிக்கக்கூடும். இங்கு ஆன்டிபயாடிக் தேவைப்படும்.

மூச்சுத் திணறல், சளியில் இரத்தம், உமிழ்நீரையும் விழுங்க இயலாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே வருக. குரல் கம்மல் மூன்று வாரம் கடந்தாலும் பரிசோதித்துக்கொள்க. வரும்போது நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் அட்டைகளையும், கைப்பையிலுள்ள இருமல் மிட்டாய் உட்பட, எடுத்து வாருங்கள்.