உங்களுக்குத் தெரியுமா? எஸ்யூவியை இரண்டு அங்குலம் ஏற்றும் முன்

உயரத்துக்கும் வரி இருந்தது. 2013 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் எஸ்யூவிகளுக்கான கலால் வரியை 27 சதவீதத்திலிருந்து 30 ஆக்கினார். நீளம் 4 மீட்டருக்கு மேல், இன்ஜின் 1500 சிசிக்கு மேல், அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடைவெளி 170 மி.மீ. அல்லது கூடுதல் என மூன்றும் சேர்ந்தால்தான் அந்த வரிக்கு அது எஸ்யூவி. மகிந்திரா தன் எக்ஸ்யூவி 500-ஐ 160 மி.மீ.க்கு இறக்கிவிட்டது. நாம் காசு கொடுத்து ஏற்றுவதை, கம்பெனி காசு மிச்சம் பிடிக்க இறக்கியது! அந்த 170-ஐ ஆளும் சரக்கும் இல்லாத வெறும் வண்டியில்தான் அளக்க வேண்டும் என்று ஜிஎஸ்டி கவுன்சில் 2023 ஜூலையில் தெளிவுபடுத்தியது.

இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி, வளைந்த வேகத்தடையின் உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர். விதிப்படி கட்டிய தடையில் எந்த எஸ்யூவியும் தட்டாது. தட்டினால் தடை விதியை மீறியிருக்கிறது, அல்லது ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டது. முதல் குற்றவாளியை நாம் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதைக் கண்டுபிடிக்க டேப் போதும். வீலின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து, அதே மாடல் புது வண்டியோடு ஒப்பிடுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் கெடுக்கும். பழைய வண்டிகள் பலவற்றுக்கு லிஃப்ட் கிட் தேவையே இல்லை, கம்பெனி ஸ்பிரிங் புதிதாகப் போட்டாலே இழந்த உயரம் திரும்பிவிடும்.

காரைக்கால் பக்கத்துத் திருமலைராயன்பட்டினத்துக்கு மண்மாரி பொழியச் சபித்தவர் காளமேகப் புலவர் என்பது ஊரறிந்த கதை. கடற்கரைப் பக்கம் வண்டியின் சக்கரம் புதைந்து நிற்கும்போது கதையை நம்பத் தோன்றும். ஆனால் மணலுக்கு மருந்து உயரம் அல்ல, காற்று. 32 பிஎஸ்ஐ இருக்கும் டயரை 18 அளவுக்கு இறக்கினால், மணலில் பதியும் தடம் நீண்டு வண்டி மேலேயே மிதக்கும். செலவு இல்லை. தார்ச்சாலை ஏறும் முன் காற்றை நிரப்பியே ஆக வேண்டும், அதற்கு ஒரு சிறு கம்ப்ரசர் போதும். வலை காயும் கரையில் வண்டியை விடுவது மரியாதை இல்லை என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

முன்னும் பின்னும் முழு ஆக்சில் கொண்ட ஜிப்சி, ஜிம்னி போன்ற வண்டிகளில் ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் ஆக்சிலின் நடுவே தொங்கும் டிஃப்ரன்ஷியல் ஒரு மில்லிமீட்டர்கூட மேலே வராது! பாடி மட்டும்தான் ஏறும். டிஃப்ரன்ஷியலைத் தூக்குவது டயர் ஒன்றே, அதுவும் விட்டம் கூடியதில் பாதி. ஜிம்னிக்கு இங்கே வரும் டயர் 195/80 ஆர்15. பார்வைக்குப் பெருத்த 215/75 மாட்டினால் கிடைப்பது சுமார் 5 மி.மீ.தான். 235/75 போட்டால் 20 மி.மீ. கிடைக்கும், ஆனால் ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 84-ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும்.

சட்டம் இந்த விஷயத்தில் விளையாட்டு இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்சி மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்பதைக் கவனியுங்கள்: ஸ்பேசர் ஒன்று, டயர் ஒன்று என்று கணக்குப் போகும். காரைக்காலின் பிஒய் 02 பலகையோடு வாஞ்சூர் எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டு நாகூருக்குள் நுழைந்தாலும் இதே மத்தியச் சட்டம்தான். ஸ்பேனரை எடுக்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது உத்தமம். சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பிறகு இழப்பீட்டில் வந்து நிற்கும்.

கமான் பட்டை ஆக்சிலுக்கு மேலே உள்ள வண்டிகளில் உயரம் கூட்ட மூன்று வழிகள்: பட்டையோடு ஒன்றைக் கூடுதலாகச் சேர்ப்பது, நீண்ட ஷாக்கிள் போடுவது, ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் கட்டை வைப்பது. கட்டை மலிவு. முன் ஆக்சிலில் அதை வைக்கவே கூடாது: பிரேக் பிடிக்கும்போது ஆக்சில் முறுக்கிக்கொள்ளும்.

தார் (2020 மாடல்) முன்பக்கம் வேறு ரகம். இரட்டை விஷ்போன், நடுவில் ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷாக். அந்த ஷாக் வீலுக்கு உள்ளே தள்ளி நிற்பதால், அதன் தலையில் வைக்கும் ஓர் அங்குல ஸ்பேசர் வீலில் ஒன்றரை முதல் இரண்டு அங்குலமாகப் பெருகும். தெரியாமல் இரண்டு அங்குல ஸ்பேசர் கடைந்து போட்டால் சிவி ஜாயின்டும் பால் ஜாயின்டும் அவற்றுக்கு உரிய கோணத்தைத் தாண்டிவிடும். ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் தெறித்து, கடைசியில் ஜாயின்டே போகும்.

ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் உயரத்தின் பயன் பாறையில் அல்ல, நீரில். தாரின் நீர் கடக்கும் அளவு 650 மி.மீ., கூர்க்காவுக்கு 700. லிஃப்ட் போட்டால் காற்று உறிஞ்சும் வாய் அந்த இரண்டு அங்குலம் மேலே போகும், ஆக்சில் போகாது. ஓடிச் சூடான ஆக்சில் திடீரென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், அது பிரீதர் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். வடிகட்டும் எண்ணெய் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் நடந்தது அதுதான். பிரீதர் குழாயை நீட்டி இன்ஜின் பக்கம் மேலே கட்டிவிடுவது சில நூறு ரூபாய் வேலை. வெள்ளத்தில் லிஃப்ட்டைவிட அதுவே அதிகம் காப்பாற்றும் என்பது என் கட்சி. வாய்க்கால் எங்கே முடிகிறது, சாலை எங்கே தொடங்குகிறது என்று தெரியாத நீரில் இறங்குகிறவரை எந்தக் கிட்டும் காப்பாற்றாது.

கவிழும் அபாயத்துக்கு ஒரு எளிய கணக்கு: இடது, வலது சக்கரங்களின் இடைவெளியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தின் இரட்டிப்பால் வகுக்க வேண்டும். 1500 மி.மீ. இடைவெளி, 700 மி.மீ. உயரம் என்றால் 1.07. மையம் 40 மி.மீ. ஏறினால் 1.01. எண் குறையக் குறைய வளைவில் வண்டி சாய்வது எளிது. மேலே கேரியர், அதில் ஸ்டெப்னி, அதன்மேல் மூட்டை என்று அடுக்குகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

பின் ஆக்சிலிலிருந்து பாடிக்கு மெல்லிய கம்பி ஒன்று ஓடுகிறதா என்று வண்டிக்கு அடியில் பாருங்கள். சில வண்டிகளில் சுமையைப் பொறுத்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு அது. வண்டியை உயர்த்தினால், ‘சுமையே இல்லை’ என்று எண்ணி அது பின் பிரேக்கைக் குறைத்துவிடும். கம்பியின் தாங்கியையும் அதே அளவு நகர்த்த வேண்டும்.

புஷ் போல்ட்டுகளை ஜாக்கியில் தொங்கும்போது இறுக்குவது பட்டறைகளில் சகஜம். ரப்பர் முறுக்கியபடியே பூட்டிக்கொண்டு சில மாதத்தில் கிழிந்துவிடும். நான்கு சக்கரமும் தரையில் நின்று வண்டியின் எடை இறங்கிய பிறகே கடைசி இறுக்கு. பழைய யூ போல்ட்டை மறுபடி மாட்டாதீர்கள், ஒருமுறை நீண்டது பிடிக்காது. புதியதைச் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்கி, அலைன்மென்ட் பார்த்து, ஹெட்லைட்டைக் கீழே இறக்கி வையுங்கள். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்பதைச் சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையில் பார்க்க வேண்டும். உப்புக்காற்று அடிக்கும் காரைக்கால் கரையில் வெல்டிங் வைத்த இடங்களுக்கு பிரைமரும் பெயின்டும் அன்றே பூசிவிட வேண்டும்.