கிளியின் ஒலிகள் எதை உணர்த்துகின்றன?

கிளிக்குக் குரல்நாண்கள் இல்லை. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்திலுள்ள சிரிங்ஸ் என்ற உறுப்பின் சவ்வுகள் அதிர்வதால் ஒலி பிறக்கிறது. தடித்த நாக்கு அதற்கு வடிவம் தருகிறது.

கூட்டமாக வாழும் பறவை என்பதால் காலையிலும் மாலையிலும் உரக்கக் கத்துவது இயல்பு. வளர்ப்பவர் கண்ணில் படாதபோது எழுப்பும் குரல், கூட்டத்தைத் தேடும் அழைப்பு. பதில் குரல் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். உறங்கும் முன் அலகை அரைக்கும் மெல்லிய ஒலி நிம்மதியைக் காட்டும். சீறலும் உறுமலும் அச்சத்தையோ எச்சரிக்கையையோ குறிக்கும். அப்போது கை நீட்டினால் கடிக்கக்கூடும்.

உடன் வாழும் மனிதரையே தன் கூட்டமாக ஏற்பதால் கிளி அவர்கள் பேச்சைக் கற்கிறது. அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, பொருள்களையும் நிறங்களையும் சொற்களால் சரியாகக் குறிப்பிட்டது.

வழக்கமான ஒலிகள் திடீரெனக் குறைந்தாலோ, மூச்சில் கரகரப்பு கேட்டாலோ, உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.