ஒரே இடத்தில் இரண்டு புள்ளிகள்

திருவண்ணாமலையிலிருந்து ஒரு பொறியியல் மாணவி எழுதியிருக்கிறார். கோபுரச் சுவர் ஒன்றை விரிசலோடு கணினியில் மாதிரியாக்கிவிட்டாராம். விரிசலோரத்தில் தான் விரும்பும் புள்ளி எவ்வளவு நகர்ந்தது என்று எப்படி எடுப்பது என்கிறார்.

217 அடி ராஜகோபுரத்தை அன்றாடம் பார்க்கிறவர் கேட்க வேண்டிய கேள்விதான். கருங்கல் அடித்தளத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுந்த பதினோரு நிலைகள் அதற்கு. கிருஷ்ணதேவராயர் 1516-இல் எழுப்பிய காளஹஸ்தி ராஜகோபுரம், விரிசல் கண்டபின் 2010 மே 26 இரவு சரிந்ததை நாம் மறக்கவில்லை.

மென்பொருள் சுவரைச் சிறு கூறுகளின் வலையாகப் பிரித்து, கூறுகளை இணைக்கும் புள்ளிகளான கணுக்களில்தான் இடப்பெயர்ச்சியைக் கணக்கிடுகிறது. இடையிலுள்ள புள்ளிக்குச் சுற்றியுள்ள கணுக்களின் மதிப்பை உரிய எடை போட்டுக் கலந்து தரும். சுவரின் நடுப்பகுதிக்கு அது போதும். விரிசலோரத்தில்தான் வினோதம். அங்கே ஒரே ஆயத்தொலைவில் இரண்டு கணுக்கள் உட்கார்ந்திருக்கும், இடது முகத்துக்கு ஒன்று, வலது முகத்துக்கு ஒன்று. மூடிய ஜிப்பின் இரு வரிசைப் பற்களும் ஒரே கோட்டில் நிற்பது போல. என் மகளின் பள்ளிப்பை ஜிப்பை இழுக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

ஆகவே வெறும் ஆயத்தொலைவைக் கொடுத்துக் கேட்டால் விடை ஏமாற்றும். இடது முகம் 0.3 மி.மீ. இடப்பக்கமும், வலது முகம் 0.2 மி.மீ. வலப்பக்கமும் நகர்ந்திருப்பதாக வையுங்கள். உண்மையான திறப்பு 0.5 மி.மீ. இரண்டையும் சராசரி செய்து காட்டும் மென்பொருளில் 0.05 மி.மீ. நகர்வுதான் தெரியும், விரிசலே மறைந்துவிடும். கணக்கை ஓட்டுவதற்கு முன்பே இரு முகங்களின் கணுக்களையும் தனித்தனித் தொகுப்பாகப் பெயரிட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். விரிசல் சாய்ந்திருந்தால் அதன் திசைக்கு அச்சுகளைத் திருப்பிவிட்டுக் கழிக்க வேண்டும்; இல்லையேல் திறப்பும் வழுக்கலும் கலந்துவிடும்.

கண்ணாடி போன்ற நொறுங்கும் பொருளில் விரிசலின் திறப்பு, முனைக்கு அருகில், முனையிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளரும். நான்கு மடங்கு தள்ளிப் போனால் இரு மடங்குதான் திறந்திருக்கும். 1970-களின் நடுவில் ஹென்ஷெல், ஷா, பர்ஸூம் ஆகியோர் கண்டது இன்னும் அழகு: முனையைத் தொடும் கூறில் விளிம்பின் நடுக்கணுவை முனையிலிருந்து கால் தூரத்துக்கு நகர்த்தி வைத்தாலே அந்த வர்க்கமூல வடிவம் தானாக வந்துவிடுகிறது. செங்கல் சுவரில் முனை அவ்வளவு கூர்மையாக இராது. அங்கே 1976-இல் ஹில்லர்போர்க் குழுவினர் கான்கிரீட்டுக்குச் சொன்ன வழி பொருந்தும். விரிசல் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதே, அதன் குறுக்கே இன்னும் எவ்வளவு விசை கடக்கும் என்பதைத் தீர்மானிக்கும்.

திறப்பு என்ற இத்தனை பயனுள்ள எண்ணை விட்டுவிட்டு, அறிக்கை முழுக்கச் சிவப்பும் நீலமுமாகத் தகைவுப் படங்களை ஒட்டுகிறார்கள். கூர்முனையில் அந்த உச்சத் தகைவுக்கு அர்த்தமே கிடையாது. வலையை நுணுக்க நுணுக்க ஏறிக்கொண்டே போகும். இன்னொரு பக்கம், பழைய சுண்ணாம்புச் சுவரின் விரிசலில் சிமென்ட்டைத் திணித்து வர்ணம் அடித்துவிடுகிறார்கள். அதன்பின் எந்த முகத்தை அளப்பது? இது பெரிய அநியாயம்.

எனவே தங்கையே, முதலில் சுவரில் விரிசலின் இருபுறமும் அளவுக்குறிகள் வையுங்கள். மாதிரியிலும் அதே இடங்களில் கணுக்கள் விழும்படி வலை பின்னுங்கள். சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் அளந்து, இரண்டையும் கணக்கோடு ஒப்பிடுங்கள். வெப்பத்துக்கே விரிசல் திறந்து மூடும்.