வேலியோரத்துச் செங்காந்தள்

தமிழ்நாட்டின் மாநில மலர் என்னும் கௌரவம் வாய்த்திருந்தும், குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய மலர்வரிசையில் முதலாவதாக வைத்துப் பேசப்பட்டிருந்தும், செங்காந்தளுக்கு நம் வீட்டுத் தோட்டங்களில் ரோஜாவுக்கும் குரோட்டன்ஸுக்கும் நடக்கிற உபசாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட நடப்பதில்லை. கள்ளிவேலியில் தானே படர்ந்து தானே பூக்கிற கொடிதானே என்ற அலட்சியம் போலும்.

அது கேட்பதும் சொற்பமே. நீர் தேங்காத செம்மண், பற்றி ஏற ஒரு வேலி, ஆனி ஆடியில் ஊன்றுவதற்கு 50 கிராமுக்குக் குறையாத கிழங்கு ஒன்று, இவை போதும். கலப்பைபோல் வளைந்த அக்கிழங்கின் முனைகளில் மட்டுமே முளைக்கண் இருப்பதாலும், அது தொட்டால் ஒடியும் சுபாவமுடையதாதலாலும், ஊன்றுகிறபோது காட்டும் பக்குவமே முக்கியம். முளைத்துவிட்டால், இலைநுனியே சுருண்டு கம்பியாகிப் பற்றிக்கொள்ள, கொடி தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும்.

கார்காலத்தில் பூக்கும். பச்சை மொட்டாகத் தலைகவிழ்ந்து தொங்குவது, விரியும்போது ஆறு இதழ்களும் நெளிநெளியாகப் பின்னோக்கி வளைந்து, அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக நின்று, நாள் செல்லச் செல்ல முழுச் செந்நிறம் அடைகிறது. இதில் விசேஷம், சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி மகரந்தத்தைவிட்டு விலகி நிற்பதுதான்; அதனாலேயே, விதைக்காக இதைப் பயிரிடும் மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் காலைவேளையில் ஆட்கள் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள்.

அழகுக்கு வளர்ப்பவர்களுக்கு அந்தப் பிரயாசை வேண்டாம்; காய் பிடித்தாலும் முற்றுமுன் கிள்ளிவிடுவதே உத்தமம். கீல்வாத மருந்தாகிய கொல்சிசின் இவ்விதையிலிருந்து எடுக்கப்படுகிறது என்பது வாஸ்தவமே. ஆனால் அந்த வஸ்துவே கொடிய விஷமும் ஆகும். செடி முழுவதிலும், கிழங்கிலும் விதையிலும் அதிகமாக, அது நிறைந்திருக்கிறது. வெடித்த காயில் தெரியும் செந்நிற விதைகளோ குழந்தைகளின் கண்ணை இழுப்பவை. சிறுவர் ஓடியாடும் முற்றத்தில் இக்கொடி வேண்டாம் என்பேன். கிழங்கைத் தொட்டபின் கைகழுவுவதும் அவசியம்.

மழை நின்றபின் கொடி பழுத்துக் காய்ந்துபோக, செத்துவிட்டதென்று பதறித் தண்ணீர் ஊற்றுகிறவர்கள்தாம் உறங்கும் கிழங்கை அழுகவைக்கிறார்கள். பழைய கிழங்கு கரைந்து, புதிய கிழங்கு மண்ணுக்குள் தயாராக இருக்கும். இடத்தை அடையாளம் வைத்துக் கோடை முழுவதும் சும்மா விட்டுவிடலாம். தோண்டித்தான் எடுப்பதென்றால் நிழலில் உலர்ந்த மணலில் புதைத்து வைக்கலாம். சேனையும் சிறுகிழங்கும் கிடக்கிற கூடையில் மாத்திரம் போட்டுவிடக் கூடாது.