ஒஹாருவை வீழ்த்தியது விதியன்று

ஜப்பானிய இயக்குநர் கெஞ்சி மிசோகுச்சியின் ‘ஒஹாருவின் வாழ்க்கை’ (1952) ஒரு பெண்ணின் துயரக்கதையாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. அத்துயரம் எங்கே தொடங்குகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

கதை 17ஆம் நூற்றாண்டில் நிகழ்கிறது. கியோட்டோ அரண்மனையில் பணிபுரியும் ஒஹாரு, தன்னைவிடத் தாழ்ந்த படிநிலையில் உள்ள கட்சுனோசுகேயின் காதலை ஏற்கிறாள். அவன் தலை துண்டிக்கப்படுகிறது. அவளும் பெற்றோரும் நகரைவிட்டு விரட்டப்படுகின்றனர். படிநிலை பாராமல் மனிதர்கள் காதலிக்கும் காலம் வர வேண்டும் என்பதே அவனது கடைசி விருப்பம்.

அதன்பின் அவள் உடல் கைமாறிக்கொண்டே இருக்கிறது. பிரபு ஒருவருக்கு வாரிசு பெற்றுத்தர அனுப்பப்படுகிறாள். மகன் பிறந்ததும் வெளியேற்றப்படுகிறாள். கடன்பட்ட தந்தை அவளைப் பாலியல் விடுதிக்கு விற்கிறார். முதுமையில், பிரபுவாகிவிட்ட மகனைத் தொலைவிலிருந்து காண மட்டுமே அனுமதி கிடைக்கிறது. குலத்துக்கு இழுக்குத் தேடியவள் என்று அவளையே கண்டிக்கின்றனர்.

இதில் தனியொரு கொடியவன் இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் படிநிலையின் விதியை நிறைவேற்றுகின்றனர். சாதியின் சாரம் அகமணமே என்று அண்ணல் அம்பேத்கர் 1916இல் விளக்கினார். ஜப்பானியப் படிநிலையும் இந்தியச் சாதியும் ஒன்றல்ல. ஆயினும் பெண்ணின் விருப்பத்தை அடக்காமல் பிறப்புவழி ஏற்றத்தாழ்வு நிலைக்காது என்பதை இப்படமும் உணர்த்துகிறது.

மிசோகுச்சியின் சொந்தத் தமக்கையே வறுமையால் கெய்ஷா தொழிலுக்கு அனுப்பப்பட்டவர். அந்த வலி அவரது படங்களில் உண்டு. ஆனால் ஒஹாருவாக நடித்த கினுயோ தனாகா இயக்குநராக முனைந்தபோது, அதை எதிர்த்தவரும் அவரே.

தனாகா பின்வாங்கவில்லை. 1953 முதல் ஆறு படங்களை இயக்கினார். பாலியல் தொழில் தடைச் சட்டம் 1956இல் இயற்றப்பட்ட பின்னர், அவர் எடுத்த ‘பெண்கள் மட்டுமான இரவு’ (1961) மறுவாழ்வு இல்லத்திலிருந்து வெளிவரும் பெண்ணைப் பின்தொடர்கிறது. உழைத்து வாழ முயலும் அவளை, கடந்தகாலம் தெரிந்ததும் சமூகம் மீண்டும் ஒதுக்குகிறது. சட்டம் விடுவித்தவளைச் சமூகம் விடுவிக்கவில்லை. ஒஹாரு விழுவதை மிசோகுச்சி காட்டினார். எழ முயல்பவளைத் தடுப்பது எது என்று தனாகா கேட்டார்.

ஒடுக்கப்பட்டோர் மீது இரக்கம் கொள்வது ஒன்று. அவர்கள் கையில் கேமராவைத் தர இசைவது வேறொன்று. இரண்டாவதைக் கொண்டே எந்தக் கலையின் நேர்மையையும் நாம் அளவிட வேண்டும்.