உறைபனியில் கண் திறக்குமா கமரா?

வெளிநாட்டில் கடை வைத்திருக்கும் உறவினர்களிடமிருந்து கொழும்புக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் அண்மைக்காலமாக ஒரு புதிய வேண்டுகோள் சேர்ந்திருக்கிறது. முன்பெல்லாம் மாசியும் கித்துள் பாணியும் சாரனும் கேட்டவர்கள், இப்போது "புறக்கோட்டையில கமரா மலிவாமே, வெளியில பூட்டுற டோம் கமரா நாலு அனுப்ப ஏலுமா?" என்று கேட்கிறார்கள்.

புறக்கோட்டையில் மின்சாதன வியாபாரத்தில் முப்பது வருடங்களைக் கழித்தவன் என்ற வகையில், வருகின்ற வியாபாரத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனம் வருவதில்லை. ஆனால் கேட்பவர் கனடாவின் வின்னிபெக்கிலோ எட்மண்டனிலோ இருந்தால் நான் அனுப்புவதில்லை. நமது வெயிலுக்கும் மழைக்கும் வாங்கி வைத்த சரக்கு அந்த ஊருக்குப் பொருந்தாது என்பதே காரணம். பொருந்தாது என்று தெரிந்துகொண்டே விற்பது வியாபாரமல்ல. அப்படியானால் அங்குள்ளவர்கள் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

குளிர் என்றால் எவ்வளவு குளிர்?

நமக்குக் குளிர் என்றால் நுவரெலியாதான். அங்கே புல்லின் மேல் பூம்பனி படிந்தால் மறுநாள் பத்திரிகையில் படம் வரும். மனிடோபா மாகாணத்தின் தலைநகரான வின்னிபெக்கில் ஜனவரி இரவுகளின் சராசரி வெப்பநிலையே பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். குளிர்காலத்தில் சில இரவுகள் −30ஐயும் தாண்டி இறங்கும். 1879 டிசம்பர் 24ஆம் திகதி அங்கு −47.8 பாகை பதிவாகியிருக்கிறது. கமரா வாங்குபவர் சராசரியைப் பார்த்து வாங்கக் கூடாது. தனது ஊரின் மிக மோசமான இரவைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இங்கே ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். கனடிய வானிலை அறிக்கையில் காற்றின் வேகத்தையும் கணக்கிட்டு, "இன்று −45 போல் உணரப்படும்" என்று சொல்வார்கள். அந்த எண் மனிதனின் தோலுக்கானது. உண்மையான வெப்பநிலை −32 என்றால், எவ்வளவு காற்று வீசினாலும் கமரா −32க்குக் கீழே போகாது. ஆனால் கமராவுக்குள் இருக்கும் சூட்டைக் காற்று விரைவாகப் பறித்துச் செல்லும். ஆகவே மாதிரியைத் தெரிவு செய்யும்போது உண்மையான வெப்பநிலையைப் பாருங்கள். பொருத்தும் இடத்தைத் தெரிவு செய்யும்போது காற்றின் திசையைப் பாருங்கள்.

பெட்டியின் மேலுள்ள எண்கள்

பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது மெகாபிக்சல். அடுத்ததாக ஐ.பி. 66, ஐ.பி. 67 என்று இருக்கும். இவை தூசுக்கும் தண்ணீருக்குமான எண்கள். ஐ.பி. 67 என்றால் ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் வைத்தாலும் பாதகமாகத் தண்ணீர் உட்புகாது என்று அர்த்தம். ஐ.கே. 10 என்பது அடி தாங்கும் எண். 5 கிலோ எடை 40 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழும் அடிக்கு, அதாவது 20 ஜூலுக்கு, அது ஈடு கொடுக்கும். டோம் கமராவைப் பலரும் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். கையால் பிடித்துத் திருப்ப முடியாது. எந்தப் பக்கம் பார்க்கிறது என்று திருடனுக்கும் எளிதில் தெரியாது.

ஆனால் இந்த எண்கள் எதுவும் குளிரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. வட அமெரிக்காவில் "நீமா 4 எக்ஸ்" என்றொரு தரக்குறியீடு உண்டு. வெளியே பனிக்கட்டி படிந்தாலும் கூடு பழுதாகாது என்று அது சொல்லும். அதுவும் கூட்டைப் பற்றிய உறுதிதானே தவிர, உள்ளே படம் ஓடும் என்ற உறுதியல்ல.

நாம் தேட வேண்டிய எண் விபரத்தாளின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். அதுதான் இயங்கும் வெப்பநிலை. சந்தையிலுள்ள பெரும்பாலான சாதாரண வெளிப்புறக் கமராக்களுக்கு −30 பாகை செல்சியஸ் என்று போட்டிருப்பார்கள். குளிர் நாடுகளுக்கென்று செய்தவற்றில் −40, சிலவற்றில் −50 என்றும் இருக்கும். அமெரிக்க விபரத்தாள்களில் இதைப் பரனைற்றில் போடுவார்கள். −22 பரனைற் என்பதும் −30 செல்சியஸ் என்பதும் ஒன்றே. இரண்டு அளவுகளும் சந்திக்கும் ஒரே இடம் −40. அந்த எண்ணை மட்டும் எந்தத் தாளில் கண்டாலும் குழப்பமில்லை.

ஓடுவது வேறு, எழும்புவது வேறு

எனது ராத்தாவின் மகன் வின்னிபெக்கில் சிறியதொரு பலசரக்குக் கடை நடத்துகிறார். அங்கேயே வாங்கிய டோம் கமராக்கள் மூன்றைக் கடைக்கு வெளியே பூட்டியிருந்தார். இரண்டு குளிர்காலம் அவை ஒழுங்காக ஓடின. மூன்றாவது குளிர்காலத்தில், −37 பாகைக்கு இறங்கிய ஓர் இரவில், இரண்டு மணித்தியாலம் மின்சாரம் நின்றுபோனது. மீண்டும் மின்சாரம் வந்தபோது கடைக்குள் இருந்த கமராக்கள் உடனே எழும்பின. வெளியே இருந்த மூன்றும் எழும்பவில்லை.

"மாமா, முன்னுக்குள்ள ரெண்டும் வெயில் பட்ட பொறகு தானா வந்திச்சி. பின்கதவுல உள்ளது பகலைக்குத்தான் வந்திச்சி" என்றார். அந்த இடைவெளியில்தான் பின்கதவின் பூட்டை உடைத்திருக்கிறார்கள். கல்லாவிலிருந்த பணமும் சில பெட்டிச் சாமான்களும் போய்விட்டன. பொலிசாரிடம் காட்டுவதற்கு அவரிடம் இருந்தது வெறும் கறுப்புத் திரை மட்டுமே.

அந்தக் கமராவின் விபரத்தாளை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். −30 என்றிருந்தது. அப்படியானால் அதற்கு முன்பு −30க்குக் கீழே இறங்கிய இரவுகளில் எப்படி ஓடியது? ஓடிக்கொண்டிருக்கும் கமரா தன்னைத் தானே சூடாக வைத்துக்கொள்ளும். அதன் மின்சுற்று உண்ணும் சில வோட் மின்சாரமும் சூடாகத்தான் மாறுகிறது. மின்சாரம் நின்றால் அந்தச் சூடு போய்விடும். வெகுநேரம் ஆகாமலே கமராவின் உட்புறமும் வெளிக் காற்றும் ஒரே குளிருக்கு வந்துவிடும். கடும் குளிரில் மின்கொள்ளளவிகளின் ஆற்றல் குறையும். வில்லையை அசைக்கும் பாகங்களிலுள்ள கிறீஸ் இறுகும். பகலுக்கும் இரவுக்கும் மாறும் வடிகட்டி ஒட்டிக்கொள்ளும். ஓடிக்கொண்டிருந்த கமராவுக்கு இயலுமாயிருந்த ஒரு குளிர், நின்றுபோன கமராவுக்கு இயலாமற் போவது இதனால்தான்.

வின்னிபெக்வாசிகளுக்கு இது புதிய பாடமல்ல. அங்கே இரவில் வாகனத்தை நிறுத்தும்போது, என்ஜினைச் சூடாக வைத்திருக்க ஒரு வயரை மின்செருகியில் மாட்டிவிட்டுத்தான் போவார்கள். அதற்கென்றே வாகனத் தரிப்பிடங்களில் செருகிக் கம்பங்கள் உண்டு. குளிர் நாட்டுக்கென்று செய்யப்பட்ட நல்ல கமராவும் இதே வேலையைச் செய்கிறது. மின்சாரம் வந்தவுடன் படத்தைத் தொடங்காது. முதலில் உள்ளேயுள்ள ஹீற்றருக்கு மின்சாரம் கொடுத்து, தேவையான சூடு வந்த பின்னரே மற்றப் பாகங்களை எழுப்பும். சுவீடனின் அக்சிஸ் நிறுவனம் இதற்கு "ஆர்க்டிக் டெம்பரேச்சர் கன்ட்ரோல்" என்று பெயர் வைத்திருக்கிறது. −40 பாகையிலும் மின்துண்டிப்பின் பின் எழும்புவதே அதன் நோக்கம்.

ஆகவே விற்பவரிடம் "எத்தனை பாகை வரை ஓடும்?" என்று கேட்டால் போதாது. "எத்தனை பாகையில் எழும்பும்?" என்று கேளுங்கள். சில விபரத்தாள்களில் இந்த இரண்டு எண்களும் வேறுவேறாக இருக்கும்.

ஹீற்றருக்குத் தீனி

இப்போதைய கமராக்களுக்குப் படமும் மின்சாரமும் ஒரே வலையமைப்புக் கேபிளில் போகின்றன. இந்த முறையில் மூன்று படிகள் உண்டு. 2003இல் வந்த 802.3 ஏ.எப். முறையில் கமராவைச் சென்றடைவது 12.95 வோட். 2009இல் வந்த ஏ.ரி. முறையில் 25.5 வோட். 2018இல் வந்த பி.ரி. முறையில் 51 வோட், அதன் உயர் படியில் 71.3 வோட் வரை. ஹீற்றர் இல்லாத சாதாரணக் கமராவுக்கு முதற்படி தாராளமாகப் போதும். ஹீற்றருள்ள பலவற்றுக்கு இரண்டாம் படி வேண்டும். ஹீற்றருடன் சுழலும் பெரிய கமரா என்றால் மூன்றாம் படியும் தேவைப்படலாம்.

கணக்கு பிழைப்பது மொத்தத்தில்தான். நான்கு கமராக்கள் என்று வைத்துக்கொள்வோம். கோடையில் ஒவ்வொன்றும் 6 வோட் எடுத்தால் மொத்தம் 24 வோட். 60 வோட் கொடுக்கும் ஸ்விட்ச் போதும் போலத் தோன்றும். ஜனவரி இரவில் ஹீற்றரும் இரவு வெளிச்சமும் சேர்ந்து ஒவ்வொன்றும் 20 வோட் எடுத்தால் மொத்தம் 80 வோட். ஸ்விட்ச் ஒன்றிரண்டு கமராக்களைக் கைவிட்டுவிடும். ஜூலையில் பொருத்தி, ஜூலையிலேயே சரி பார்த்தவருக்கு இது தெரியவராது. எனவே விபரத்தாளில் கமராவின் உச்ச வோட்டைப் பார்த்துக் கூட்டி, அதற்கு மேலும் கொஞ்சம் இடம் விட்டு ஸ்விட்ச்சை வாங்குங்கள். அந்த ஸ்விட்ச்சுக்கும் பதிவுப் பெட்டிக்கும் ஒரு யூ.பி.எஸ். வைத்தால், குறுகிய மின்துண்டிப்பில் கமரா குளிர்ந்துபோகவே விடாமல் தடுக்கலாம். பதிவுப் பெட்டியைச் சூடாக்கப்படாத களஞ்சியத்தில் வைக்க வேண்டாம். அதனுள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் பொதுவாகப் பூச்சியத்துக்கு மேல் வேலை செய்யவே செய்யப்பட்டது.

டோமுக்குள் பனி

டோமின் பலமும் பலவீனமும் அந்தக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குமிழ்தான். வெளியே பனி படிந்தால், கமராவின் சொந்த இரவு வெளிச்சமே குமிழில் பட்டுத் திரும்பி, படம் முழுவதும் வெள்ளையாகிவிடும். குளிர்காலத்தில் பகல் எட்டு மணித்தியாலமளவில் சுருங்கும் ஊரில் இது சிறிய குறையல்ல. மூன்று வழிகள் உண்டு. குமிழையும் சூடாக்கும் மாதிரியை வாங்கலாம். இரவு வெளிச்சத்தைக் கமராவிலிருந்து சற்றுத் தள்ளித் தனியாகப் பொருத்தலாம். அல்லது குமிழே இல்லாத, கண்விழி போன்ற டரட் வகையை வாங்கலாம். அடி விழும் அபாயமில்லாத உயரத்தில் டரட்டே நல்லது. எந்த வகையானாலும் கூரைத் தாழ்வாரத்தின் உட்பக்கமாகப் பொருத்துங்கள். பனி உருகிச் சொட்டும் விளிம்பில் வேண்டாம்.

உட்புறம் மூடுபனி படிந்தால் அதற்குப் பெரும்பாலும் பொருத்தியவரே பொறுப்பு. சுவரின் வழியே கேபிள் வரும் குழாயை அடைக்காமல் விட்டால், கடைக்குள்ளிருக்கும் சூடான ஈரக் காற்று அதன் வழியாகக் கமராவுக்குள் போய்க் குளிர்ந்து நீராகும், பிறகு உறையும். குழாயின் வாயைப் பசையால் நன்றாக அடைக்க வேண்டும். கமராவுடன் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பையைக் குப்பையில் போடாமல் உள்ளேயே வைக்க வேண்டும்.

கேபிளையும் மறக்க வேண்டாம். சாதாரண பீ.வீ.சீ. உறை கடும் குளிரில் விறைத்து, வளைத்தால் வெடிக்கும். குளிருக்குரிய வெளிப்புறக் கேபிளை, பனி வருவதற்கு முன்பே இழுத்துவிடுவது நல்லது. பற்றரியில் ஓடும் கம்பியில்லாக் கமராவை அங்கே நம்பிவிட வேண்டாம். லித்தியம் பற்றரியைப் பூச்சியத்துக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது.

எங்கே வாங்குவது?

கனடாவில் பயன்படுத்துவதைக் கனடாவிலேயே வாங்குங்கள். நமது மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அங்கே 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். கமராவின் பட்டியலில் 60 ஹேர்ட்ஸைத் தெரிவு செய்யாவிட்டால் விளக்கொளியில் படம் துடிக்கும். நேரடி மின்சாரத்தில் செருகும் எதற்கும் சீ.எஸ்.ஏ. போன்ற அந்நாட்டு அங்கீகாரக் குறி இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பழுதானால் பொறுப்பேற்க அங்கே ஒருவர் வேண்டும். 2025 ஜூனில் கனடிய அரசாங்கம் தேசியப் பாதுகாப்பைக் காரணங்காட்டி, சீனாவின் ஹிக்விஷன் நிறுவனத்தின் கனடியக் கிளையை மூடும்படி உத்தரவிட்டது. அந்நிறுவனம் அதை ஆட்சேபித்து நீதிமன்றம் சென்றது. யார் சரி என்பது நமது வேலையல்ல. ஆனால் உத்தரவாதப் பத்திரத்தில் கையொப்பமிடுபவர் நாளையும் அந்த ஊரில் இருப்பாரா என்று விசாரிப்பது வாங்குபவரின் வேலை.

கடையில் கேட்க வேண்டியதைச் சுருக்கிச் சொல்கிறேன். எத்தனை செல்சியஸில் எழும்பும்? ஹீற்றருடன் உச்ச வோட் எவ்வளவு? எனது ஸ்விட்ச் அதைத் தாங்குமா? குமிழ் சூடாகுமா? உத்தரவாதம் யாருடையது, எத்தனை வருடம்? இவற்றுக்கு எழுத்தில் பதில் தருபவரிடம் வாங்குங்கள். முதல் கடும் குளிர் இரவில் நீங்களே ஒருமுறை மின்சாரத்தை நிறுத்தி, ஒரு மணித்தியாலம் கழித்துப் போட்டுப் பாருங்கள். கமரா எழும்பாவிட்டால், உத்தரவாதக் காலம் முடியுமுன் கொண்டுபோய் மாற்றிக்கொள்ளலாம். இந்தச் சோதனையைத் திருடன் செய்ய விடக் கூடாது.