வேங்கடத்து அடிவாரத்தில் ஒரு வாடகை வீடு

குடிபெயர்தல் என்ற சொல்லுக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஓரிடத்தை விட்டுப் பெயர்வது ஒன்று. வேறோரிடத்தில் குடியாவது மற்றொன்று. முதல் வேலையைப் பேருந்தும் ரயிலும் செய்து முடித்துவிடும். இரண்டாவது வேலை, ஒரு வாடகை வீடு கிடைத்து, அதில் பால் காய்ச்சிய பிறகுதான் தொடங்குகிறது. சித்தூருக்கும் திருப்பதிக்கும் வேலையாகவும் படிப்பாகவும் வந்து சேரும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்று, இருபத்தைந்து ஆண்டுகளாக இவ்விரு ஊர்களிலும் வாடகைக்குக் குடியிருந்து நான் அறிந்தவற்றை இந்த மலரில் தொகுத்துத் தருகிறேன்.

எல்லை நகர்ந்த கதை

வேலூரிலிருந்து சித்தூர் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். "இதுக்குப் போயி வெளிநாடு போற மாதிரி பேசுறீங்களே" என்று ஊரில் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடக்கெல்லையாக வேங்கடத்தையே சொல்கிறது. சங்கப் பாடல்களில் வேங்கடத்தைத் தாண்டினால் மொழி மாறும் நிலம் வருகிறது. ஆக, நாம் குடியிருக்கும் இந்த இடம் நெடுங்காலமாகவே இருமொழி கலக்கும் வாசற்படி.

1911ஆம் ஆண்டில் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைந்தது. அதற்கு முன்பு வட ஆர்க்காட்டுக்குத் தலைநகரே சித்தூர்தான். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது மாவட்டம் அப்பக்கம் போயிற்று. ம.பொ.சி. போன்றோர் நடத்திய எல்லைப் போராட்டமும், படாஸ்கர் பரிந்துரையும், 1959ஆம் ஆண்டுச் சட்டமும் சேர்ந்து, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரத்துக்குப் போயின. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று.

இந்தச் சரித்திரத்தை இங்கே சொல்லக் காரணம் உண்டு. இங்கே இரண்டு வகைத் தமிழர் இருக்கிறார்கள். எல்லை நகர்ந்ததால் இருந்த இடத்திலேயே அயல் மாநிலத்தாரானவர்கள் ஒரு வகை; எல்லையைக் கடந்து வந்தவர்கள் மறு வகை. முதல் வகையினருக்குச் சொந்த வீடும் தெருவில் உறவும் உண்டு. இரண்டாம் வகையினர் முதலில் போய் நிற்க வேண்டியது அவர்கள் வாசலில்தான். எனக்குக் கிடைத்த நான்கு வீடுகளில் மூன்று, தரகர் இல்லாமல், இப்படிப்பட்ட பழங்குடும்பத்தார் ஒருவர் "மனவாள்ளே" (நம்மவரே) என்று வீட்டுக்காரரிடம் சொன்ன ஒரு சொல்லால் கிடைத்தவை.

சொல்லும் காதும்

வீடு தேடுபவர் முதலில் பழக்க வேண்டியது காதை. "இல்லு" என்றால் வீடு. நம் "இல்", "இல்லம்" இரண்டோடும் உடன்பிறந்த சொல். ஆனால் புதிதாக வந்தவர் காதில் அது "இல்ல" என்றே விழும். "பாடுக எந்த?" என்றால் வாடகை எவ்வளவு என்று பொருள், "எந்த" என்பதை நாம் வேறு விதமாகப் புரிந்துகொண்டு "எந்த வீடு?" என்று முழிப்போம். "கதி" என்றால் அறை. "ஒக்க கதி உந்தி" என்று ஓர் அம்மாள் சொன்னால், ஓர் அறை காலியாக இருக்கிறது என்பதே செய்தி. நம் கதியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை!

கடற்கரை மாவட்டங்களில் வாடகையை "அத்தெ" என்பார்கள். அறிவிப்புப் பலகையிலும் அதுவே இருக்கும். ராயலசீமைப் பேச்சில் "பாடுக". கன்னடத்தில் "பாடிகெ", தமிழில் "வாடகை". மூன்றும் ஒரே குடும்பத்துச் சொற்கள் என்பது கேட்டவுடன் தெரியும். தமிழில் "குடிக்கூலி" என்ற அழகான பழஞ்சொல்லும் இருந்தது. இன்று அது அகராதியோடு சரி. "மித்தெ" என்பது நம் வடமாவட்டங்களில் சொல்லும் "மெத்தை வீடு". ஒப்பந்தம் இரு மொழியிலும் ஒப்பந்தமே. அட்வான்ஸ், ஓனர், கரெண்டு பில்லு ஆகியவற்றுக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். ஐம்பது சொற்கள் தெரிந்தால் வீடு பார்த்துவிடலாம். ஆனால் ஐம்பது சொற்களை வைத்துக்கொண்டு பத்திரத்தில் கையெழுத்துப் போடக்கூடாது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டு பஞ்சாங்கத்துக்கு நடுவே

நம்மவர் ஆடியில் வீடு மாற மாட்டார்கள். தெலுங்கர் ஆஷாடத்தில் மாற மாட்டார்கள். இரண்டும் ஒன்றுதானே என்று நினைப்போர் உண்டு, ஒன்றல்ல. நம் ஆடி சூரியனை வைத்துக் கணிக்கும் மாதம். அவர்கள் ஆஷாடம் அமாவாசையை வைத்துக் கணிக்கும் சாந்திரமான மாதம். 2025ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஷாடம் ஜூன் 26இல் தொடங்கி ஜூலை 24இல் முடிந்தது. ஆடி ஜூலை 17 முதல் ஆகஸ்ட் 16 வரை. இரண்டையும் பார்க்கிற குடும்பத்துக்கு 52 நாட்கள் அடைபட்டுப் போயின.

பள்ளி, கல்லூரி திறக்கும் காலமும் இதை ஒட்டியே வருவதால், ஜூன் நடுவுக்குள் வீடு பிடிக்க எல்லோரும் ஒரே நேரத்தில் அலைகிறார்கள். வாடகையும் அப்போது ஏறி நிற்கும். நம்பிக்கை இல்லாதவர்களுக்கு இதில் ஒரு வசதி: ஆஷாடத்தில் வீடு காலியாகவே கிடக்கும், பேரம் பேசலாம். நம்பிக்கை உள்ளவர்கள் முன்கூட்டியே பால் காய்ச்சி, ஒரு பாயும் குடமும் வைத்துவிட்டு, சாமான்களைப் பிறகு கொண்டுவருவார்கள். நாம் பாலைக் காய்ச்சுகிறோம். அவர்கள் பொங்க விடுகிறார்கள். வீட்டுக்கார அம்மாள் பக்கத்தில் நின்றால் கொஞ்சம் பொங்கவே விடுங்கள், அவர் முகம் மலரும்.

சட்டம் வீட்டோடு நிற்கும்

எல்லை தாண்டி வந்தவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் இது. வாடகைச் சட்டம் குடியிருப்பவரின் ஊரைப் பார்ப்பதில்லை. வீடு எந்த மண்ணில் நிற்கிறதோ அந்த மாநிலத்துச் சட்டமே செல்லும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டம், எழுத்து ஒப்பந்தம், வாடகை அதிகாரியிடம் பதிவு என்றெல்லாம் பேசுகிறது. "எங்க ஊர்ச் சட்டம் இப்படி" என்று அதைத் திருப்பதி வீட்டுக்காரரிடம் காட்டிப் பயனில்லை.

இரு மாநிலத்துக்கும் பொதுவான மத்தியச் சட்டங்கள் சில உண்டு. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டும். எல்லா ஊரிலும் 11 மாத ஒப்பந்தம் எழுதும் வழக்கம் வந்த ரகசியம் இதுதான். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 106ஆம் பிரிவு, வேறு ஒப்பந்தமோ உள்ளூர்ச் சட்டமோ வழக்கமோ இல்லாதபோது, மாத வாடகைக் குடியிருப்பை முடிக்க 15 நாள் எழுத்து அறிவிப்பு வேண்டும் என்கிறது. இது இரு தரப்புக்கும் பொருந்தும். 108ஆம் பிரிவு, புழக்கத்தால் இயல்பாக வரும் தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பல்ல என்கிறது. காலி செய்யும்போது "சுண்ணாம்புக்கு, பெயிண்டுக்கு" என்று அட்வான்ஸில் பிடிப்பது இங்கும் வழக்கம். எவ்வளவு பிடிப்பார் என்பதை நுழையும்போதே எழுதிக்கொள்வது நல்லது. சுவரையும் குழாயையும் முதல் நாளே படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பி வையுங்கள்.

ஒப்பந்தம் தெலுங்கில் இருந்தால், படிக்கத் தெரிந்த நம்பிக்கையான ஒருவர் வரிக்கு வரி வாசித்துச் சொன்ன பிறகே கையெழுத்திடுங்கள். குறிப்பாக மூன்று எண்கள்: அட்வான்ஸ் தொகை, ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு ஏற்றம், காலி செய்ய எத்தனை மாத அறிவிப்பு. பேச்சில் ஒன்றும் தாளில் ஒன்றுமாக இருந்து, ஊர் திரும்பும்போது இரண்டு மாத வாடகையை இழந்த குடும்பங்களை நான் அறிவேன். அட்வான்ஸைக் கூடியவரை வங்கி வழியாகவே கொடுங்கள். கையில் கொடுத்தால் ரசீது வாங்குங்கள்.

போக்கியம் என்னும் கவர்ச்சி

மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, வாடகையே இல்லாமல் இரண்டு மூன்று ஆண்டுகள் இருப்பது போக்கியம். நம் பக்கம் ஒத்தி என்றும் சொல்வோம், இங்கே "போக்யம்". கெடு முடிந்ததும் முழுத் தொகையும் திரும்ப வரும் என்பது பேச்சு. மாதச் சம்பளக்காரருக்கு இது மிகவும் கவர்ச்சியானது. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதம் 8,000 ரூபாய் வாடகை வரக்கூடிய வீட்டை, ஐந்து லட்சத்துக்குப் போக்கியம் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 96,000 ரூபாய் வாடகையை அவர் விட்டுக்கொடுக்கிறார். அதாவது நம் ஐந்து லட்சத்துக்கு 19.2 விழுக்காடு வட்டி கட்டுகிறார். வங்கியில் இதைவிட மலிவாகக் கடன் கிடைக்குமே, ஏன் நம்மிடம் வருகிறார்? அவருக்கு வங்கி கொடுக்கவில்லை, அல்லது ஏற்கனவே கொடுத்துவிட்டது என்பதே பெரும்பாலும் விடை.

சட்டப்படி இது அனுபோக அடமானம். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட தொகை என்றாலே பதிவுப் பத்திரமும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். இருபது ரூபாய், நூறு ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கியது போதாது. முன்னரே வங்கியில் அடமானம் இருந்தால், வங்கிக்குப் பிறகுதான் நாம். ஆகவே வில்லங்கச் சான்று எடுத்து, மூலப் பத்திரத்தைக் கண்ணால் பார்த்து, பதிவு செய்தே பணம் கொடுக்க வேண்டும். பதிவுக்கு வீட்டுக்காரர் தயங்கினால், அந்த வீடு நமக்கில்லை என்று வந்துவிடுவதே மேல். மகளின் திருமணத்துக்குச் சேர்த்த பணம் பெரும்பாலும் இந்த வகையில்தான் மாட்டிக்கொள்கிறது.

நீரும் நெருப்பும்

திருப்பதிக்குக் கல்யாணி அணையிலிருந்தும் தெலுங்கு கங்கையிலிருந்தும் நீர் வருகிறது. ஆனால் எந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதே நமக்கு வேண்டிய கேள்வி. சித்தூரில் கோடையில் டேங்கர் லாரியை எதிர்பார்த்து நிற்கும் தெருக்கள் உண்டு. அந்தச் செலவு யாருடையது என்று முதலிலேயே கேளுங்கள். அடுத்தது இதற்கு நேர் மாறான கேள்வி: 2021 நவம்பர் மழையில் இந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது? அந்த மழையில் திருப்பதியின் தாழ்வான குடியிருப்புகளில் வீட்டுக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. சித்தூரில் நீவா ஆற்றோரமும் இதே கேள்விக்குரியது. இதை வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். எதிர்வீட்டுப் பாட்டியிடம் கேளுங்கள். மின்கட்டண பாக்கி இருக்கிறதா என்பதை இணைப்பு எண்ணைக் கொண்டு நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

கேட்கப்படும் அந்தக் கேள்வி

வாடகை, தண்ணீர் எல்லாம் பேசி முடித்த பிறகு, மெதுவாக ஒரு கேள்வி வரும். "மீரு எவரு?" பெயர் கேட்பதல்ல அது. சாதி, மதம், இறைச்சி சமைப்பார்களா என்பதெல்லாம் அதற்குள் இருக்கின்றன. கோயில் நகரமான திருப்பதியில் சைவம் மட்டும் என்ற நிபந்தனையைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். இதை ஆந்திரத்தின் குணம் என்று சொல்லிவிட முடியாது. சென்னையிலும் வேலூரிலும் நம்மவர்களே இதே கேள்வியை வேறு மொழியில் கேட்கிறார்கள்.

அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு இந்தியாவின் எந்தப் பகுதியிலும் குடியிருக்கும் உரிமையை நமக்குத் தருகிறது. ஆனால் அது அரசை நோக்கிய உரிமை. தனி வீட்டுக்காரரின் விருப்பத்தை அது எளிதில் கட்டுப்படுத்தாது. எனினும், 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, தீண்டாமையைக் காரணமாக வைத்து ஒருவர் ஓரிடத்தில் குடியிருப்பதைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. இதை அறிந்தவர் குறைவு. தலித் குடும்பங்கள் பலமுறை "வீடு நேத்தே முடிஞ்சுபோச்சு" என்ற பொய்யை மட்டுமே பதிலாகப் பெறுகின்றன. பொய்யை நிரூபிப்பது கடினம் என்பதால் சட்டம் தாளில் இருக்கிறது. குடும்பம் ஊருக்கு வெளியே இருக்கிறது.

நம் சங்கம் செய்யத்தக்கவை

வெளிநாடு போன தமிழருக்கு அங்குள்ள சங்கங்கள் முதலில் தேடித் தருவது வீட்டையே. இங்கும் அது இயலும். முதலாவது, வீடு வைத்திருக்கும் நம் உறுப்பினர்களின் பட்டியல் ஒன்று. அதில் சாதி கேட்பதில்லை என்று ஒப்புக்கொண்டவர்களின் வீடுகளே இடம்பெற வேண்டும். இரண்டாவது, தமிழும் தெலுங்கும் எதிரெதிர்ப் பக்கத்தில் அமைந்த ஒப்பந்த மாதிரி. நம்மில் வழக்கறிஞர்களுக்குக் குறைவில்லை. மூன்றாவது, புதிதாக வருபவருடன் ஒரு மாலை நேரம் கூடப் போய் வீடு பார்க்க இருவர். ஒரு சொல் பிணையால் எனக்கு மூன்று வீடு கிடைத்தது. அந்தச் சொல்லைச் சொல்வதற்கு ஆள் இல்லாதவர்களுக்கு, அதைச் சொல்லும் கடமை இங்கே முன்னால் வந்தவர்களுடையது. வரும் ஜூன் மாதத்துக்குள், ஆஷாடம் பிறக்கும் முன்னரே, இந்தப் பட்டியல் தயாராகட்டும் என்பது என் வேண்டுகோள்.